அந்தக் காலத் தெருவுக்கு நூறு கண்!

"அந்தக் காலம் மாதிரி வருமா, தம்பி?"

சென்னையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் அறுபதைத் தாண்டியவராக இருப்பார். மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கியதைச் சொல்வார். வாடகை சைக்கிளில் டபுள்ஸ் போனதைச் சொல்வார். சபையர் தியேட்டரில் படம் பார்த்ததைச் சொல்வார். சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு விடுவார். டீ ஆறிப் போயிருக்கும்.

எனக்கு வயது இருபத்தாறு. நான் பிறப்பதற்கு முன்பே மூர் மார்க்கெட் சாம்பலாகி விட்டது. டிராம் வண்டியை என் அப்பாவே பார்த்ததில்லை. சென்னையில் டிராம் நின்றது 1953-ம் ஆண்டு. ஆகவே இந்தப் பேச்சில் எனக்கு வாய் திறக்க உரிமை இல்லை என்று பெரியவர்கள் சொல்லலாம். ஆனால் என் தொழில் அப்படி. தினமும் நாலு போலீஸ் ஸ்டேஷன், ஒரு மாநகராட்சி ஆபீஸ், ஆஸ்பத்திரி வாசல் என்று சுற்றுகிறவன் நான். தெருவில் என்ன நடக்கிறது, என்ன நடக்காமல் போய்விட்டது என்பது இரண்டும் கண்ணில் படுகிறது.

பெரியவர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பாதி வராது. மீதிப் பாதி வரவே வேண்டாம்.

சைக்கிள் கடை நோட்டு

முதலில் வராத பாதியைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் பேட்டைக்கு இரண்டு வாடகை சைக்கிள் கடையாவது இருந்தது. கடை என்றால் பெரிய கடை அல்ல. ஒரு தகரக் கூரை, ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளின் மட்கார்டிலும் நம்பர் எழுதியிருக்கும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை.

கடைக்காரரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். வருகிறவன் பெயர், தெரு, வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம் எல்லாம் அதில் ஏறும். முகம் தெரியாத ஆளுக்கு வண்டி கிடையாது. "யாரையாவது தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வா" என்பார். கூட வந்து நிற்கிறவர் பெயரும் நோட்டில் ஏறும்.

இதை யாரும் பாதுகாப்புத் திட்டம் என்று சொல்லவில்லை. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டவில்லை. தன் பழைய சைக்கிள் காணாமல் போகக் கூடாது என்பதுதான் கடைக்காரருக்குக் கவலை. ஆனால் அந்த நோட்டில் ஒரு பேட்டையின் வாலிபர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனான் என்பது இருந்தது. ரிட்டயர் ஆன ஏட்டையாக்கள் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு திருட்டு என்றால் முதலில் போய் நிற்பது சைக்கிள் கடையில். அடுத்து பெட்டிக்கடை. அதற்கடுத்து இஸ்திரி வண்டி. அங்கே மூன்று இடத்திலும் விஷயம் கிடைக்காவிட்டால்தான் தலைவலி என்று அர்த்தம்.

பெட்டிக்கடைக்காரரின் கண் இன்னும் கில்லாடி. வெற்றிலை மடித்துக்கொண்டே தெருவைப் பார்ப்பார். எந்த வீட்டில் யார் என்ன பிராண்டு பீடி என்பது அவருக்குத் தெரியும். புதிதாக ஒருவன் வந்து மூன்று நாள் ஒரே வீட்டையே பார்த்துக்கொண்டு கோலி சோடா குடித்தால், நான்காம் நாள் சோடா கொடுக்கும்போது "யாருப்பா நீ, எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார். வந்தவன் வேலையும் கெட்டது. சோடாவும் பாதியில் நின்றது.

பெட்டி ஏற்றிய ரிக்‌ஷா

சென்னைப் போலீசின் பழைய வழக்குகளில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1952-ம் ஆண்டு ஆளவந்தார் கொலை வழக்கு நகரத்தையே உலுக்கியது. பாரிமுனைப் பக்கம் வியாபாரம் செய்து வந்தவர் ஆளவந்தார். அவருடைய உடல் தலையில்லாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் ரயிலில் போய், மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அன்றைக்கு எந்தக் கேமராவும் இல்லை. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பெட்டியோடு ஆளை ஏற்றிச் சென்ற ரிக்‌ஷாக்காரர் போலீசாருக்குக் கிடைத்தார். தெருவில் நிற்கிறவன் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

இங்கே ஒரு இடைச் செருகல். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கொலைகளைப் பாட்டாகக் கட்டி, மலிவுக் காகிதத்தில் அச்சடித்துத் தெருவில் பாடி விற்பார்கள். கொலைச் சிந்து என்று பெயர். சென்னை குஜிலி பஜாரில் விற்றதால் இந்த மாதிரிப் புத்தகங்களுக்கே குஜிலிப் புத்தகம் என்று பெயர் வந்தது. படித்த பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கூலிக்காரரும் குமாஸ்தாவும் காசு கொடுத்து வாங்கினார்கள். நான் எழுதுகிற பக்கத்துக்குத் தாத்தா அதுதான் என்று நினைக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலில் கட்டடம், பிறகு கடைக்காரர்

மூர் மார்க்கெட் கதைக்கு வருவோம். பெரியவர்கள் பெருமூச்சு விடுகிற கதை இது. ஆனால் அவர்கள் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது.

மூர் மார்க்கெட்டே கடைகளை இடம் மாற்றுவதற்காகக் கட்டப்பட்டதுதான்! பிராட்வே பக்கம் இருந்த பழைய மார்க்கெட்டில் நெருக்கடி. அங்கே இருந்தவர்களுக்கு மாற்று இடம் வேண்டும். 1898-ம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். அப்போது நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் துரையின் பெயர் வந்தது. 1900-ம் ஆண்டு திறந்தார்கள். சிவப்புக் கட்டடம், நடுவில் முற்றம், சுற்றிலும் கடை. முதலில் கட்டடம் கட்டினார்கள், பிறகு கடைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ரிப்பன் மாளிகை வந்தது 1913-ம் ஆண்டு. அதாவது மாநகராட்சி அதிகாரிகள் ஜன்னலைத் திறந்தால் மூர் மார்க்கெட்.

அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். பழைய புத்தகம், இசைத்தட்டு, தபால் தலை, கிளி, நாய்க்குட்டி, மரச்சாமான், பொம்மை, ரெடிமேட் சட்டை. கல்லூரி மாணவன் பாடப் புத்தகத்தை வருஷ முடிவில் அங்கே விற்று, அடுத்த வருஷப் புத்தகத்தை அங்கேயே வாங்கினான். பெரிய எழுத்தாளர்களும் அங்கேதான் குனிந்து குனிந்து தேடினார்கள். கடைக்காரர் பத்து சொன்னால் இரண்டில் ஆரம்பிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத பாடம்.

பின்னாலேயே மிருகக்காட்சிசாலை. வெளியூர்க்காரர்கள் எழும்பூர் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்பார்கள். மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்". உயிர் காலேஜைப் பார்த்துவிட்டு மூர் மார்க்கெட்டில் புள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறினால்தான் பட்டணம் பார்த்த கணக்கு.

சும்மா சொல்லக் கூடாது, ஏமாற்றும் அங்கே ஏராளம். ஜேப்படிக்காரர்களுக்கு அது தங்கச் சுரங்கம். மடித்து வைத்த சட்டையை வீட்டில் வந்து பிரித்தால் முதுகுப் பக்கம் இருக்காது என்று கதை சொல்வார்கள். காலையில் வீட்டில் காணாமல் போன பொருளை மாலையில் அங்கே விலைக்கு வாங்கலாம் என்றும் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அந்தப் பெயர் அதற்கு இருந்தது.

1985-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. எப்படிப் பிடித்தது என்பதற்கு இன்றும் ஆளுக்கு ஒரு கதை. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்களுக்குப் பின்னால் அல்லிக்குளம் பக்கம் இடம் கொடுத்தார்கள். அதே 1985-ம் ஆண்டு உயிர் காலேஜும் வண்டலூருக்குப் போனது. கூட்டம் வேறு, கடை வேறு என்று ஆகிவிட்டது. புத்தகக் கடைக்காரர்கள் இருந்தார்கள். தேடி வருகிறவன் மட்டும் வந்தான். தற்செயலாகக் கண்ணில் பட்டு வாங்குகிறவன் வரவில்லை. பழைய பொருள் வியாபாரத்துக்குத் தற்செயல்தான் முதல் போணி.

இப்போது அந்த வரிசையைப் பாருங்கள். 1900-ல் கட்டடம் முதலில், இடமாற்றம் பிறகு. 1985-ல் தீ முதலில், மாற்று இடம் பிறகு. வெள்ளைக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நம் ஆட்களுக்கு அந்த ஒரு புத்தி ஏன் வரவில்லை என்று கேட்கிறேன்.

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பர்மாவில் கடைகளைத் தேசியமயமாக்கி நம் ஜனங்களை வெறுங்கையோடு அனுப்பியபோது, இங்கே வந்தவர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட இடம் கொடுத்தார்கள். 1969-ம் ஆண்டு பர்மா பஜார் அப்படித்தான் வந்தது. வெளிநாட்டு வாட்ச், டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்று அந்தப் பெயருக்கே ஒரு மவுசு வந்தது. கஸ்டம்ஸ் ரெய்டும் வந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு எல்லாக் கடையிலும் வந்துவிட்டதால் மவுசு குறைந்தது. ஆனாலும் பிழைத்தார்கள். ஏன்? மின்சார ரயிலில் இறங்கி ஹைகோர்ட்டுக்கும் பாரிமுனைக்கும் போகிறவன் கால் படுகிற இடத்தில் இடம் கொடுத்ததால்தான்.

கொத்தவால் சாவடி போனது சரிதான்

எல்லா இடமாற்றமும் தப்பு என்று நான் சொல்லவில்லை. கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டை ஜார்ஜ் டவுனிலேயே வைத்திருக்க முடியாது. அழுகிய தக்காளி, கணுக்கால் வரை சேறு, லாரி உள்ளே போனால் வெளியே வர அரை நாள். 1996-ம் ஆண்டு கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 295 ஏக்கரில் மார்க்கெட். மொத்த வியாபாரிக்கு நல்லது. லாரிக்காரருக்கு நல்லது.

கூலிக்காரருக்கு? கைவண்டி இழுத்தவருக்கு? விடியற்காலை நாஸ்தா கடை வைத்திருந்த அம்மாவுக்கு? அவர்கள் கணக்கு எந்த பைலிலும் இல்லை. காய்கறி மூட்டைக்குப் புது முகவரி கொடுத்தார்கள். மூட்டை தூக்கினவருக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2020-ம் ஆண்டு மே மாதம் பார்த்தோம். கொரோனா கோயம்பேட்டுக்குள் புகுந்தது. மார்க்கெட்டை மூடினார்கள். திருமழிசைக்குத் தற்காலிகமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். செப்டம்பர் வரை திரும்பவில்லை. அந்த நாட்களில் வாசலுக்கு வந்து காய் கொடுத்தது யார்? தள்ளுவண்டிக்காரர். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று நாம் திட்டுகிறோமே, அதே தள்ளுவண்டிக்காரர்!

வரவே வேண்டாத பாதி

இப்போது அடுத்த பாதி. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கை ரிக்‌ஷாவைப் பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். மனிதனை மனிதன் இழுத்த வண்டி அது. வெயிலில் தார் உருகும் ரோட்டில் வெறுங்காலோடு இழுத்தார்கள். 1973-ம் ஆண்டு ஒழித்தார்கள். நல்ல காரியம். சினிமாவில் மட்டும் இருக்கட்டும்.

கள்ளுக்கடை, சாராயக்கடைப் பேச்சும் அப்படியே. "அப்பல்லாம் குடிச்சாலும் ஒரு மரியாதை இருந்துச்சு, கடையிலே உக்காந்து பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போவான்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கைப் பாருங்கள். 1948-ல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு. வசதி உள்ளவன் பர்மிட் வாங்கிக் குடித்தான். இல்லாதவன் வார்னிஷைக் குடித்துக் கண்ணை இழந்தான். 1971-ல் கடை திறந்தது. 1974-ல் மூடியது. 1981-ல் மறுபடி கள்ளும் சாராயமும். 1987-ல் அதுவும் போனது. 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக் 2003-ல் சில்லறைக் கடையையும் எடுத்துக்கொண்டது. கதவு திறந்தாலும் மூடினாலும் சம்பளக் கவர் வீட்டுக்கு வராதது மட்டும் மாறவில்லை. அந்தக் காலப் பாட்டு ஞாபகம் இருக்கிறவர்களுக்கு, அந்தப் பாட்டு முடிந்து வீட்டில் நடந்தது ஞாபகம் இருக்காது. வீட்டில் இருந்த அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களை யாரும் டீக்கடைக்குக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். அதற்கு முந்தின ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தொழில் என்னுடையது. சாராயத்துக்குப் பழைய நினைவு என்று ஒரு இனிப்பு தடவ என்னால் ஆகாது.

டீக்கடையே கூட அந்தக் காலத்தில் ஆம்பளைகள் இடம். ஒரு பெண் தனியாக நின்று ஒரு கிளாஸ் டீ குடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நூறு கண் உள்ள தெரு திருடனை மட்டுமா பார்த்தது? யார் பெண் யாரோடு பேசினாள் என்பதையும் பார்த்தது. வீட்டில் போய்ச் சொல்லியும் வைத்தது. அந்தக் கண்ணுக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் உண்டு. இன்று டைடல் பார்க் பக்கம் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் பஜ்ஜிக் கடையில் நின்று சத்தமாகச் சிரித்துப் பேசுகிறார்கள். இந்தக் காலம் அந்த மட்டில் நல்ல காலம்தான்.

மூன்றாவது கண்ணும் முதல் இரண்டு கண்ணும்

பிறகு எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சென்னைப் போலீசார் சில ஆண்டுகளுக்கு முன் "மூன்றாவது கண்" என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்தார்கள். கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் வைக்கச் சொன்னார்கள். நல்ல பலன் கிடைத்தது. செயின் பறித்தவன் எந்தப் பைக்கில் எந்தச் சந்தில் நுழைந்து எங்கே சட்டை மாற்றினான் என்று வரிசையாகப் படம் பிடித்துக் காட்டிவிடுகிறது. நானே அந்தப் படங்களைப் பார்த்துச் செய்தி எழுதியிருக்கிறேன். கேமராவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும். "யாருப்பா நீ, எந்த ஊரு?" என்று கேட்காது. பாட்டி கீழே விழுந்தால் தண்ணீர் தெளிக்காது. ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை வீடு பூட்டியிருந்தால் "வா, இப்படி உக்காரு, அம்மா வந்துடுவாங்க" என்று பெஞ்சில் உட்கார வைக்காது. முதல் இரண்டு கண்ணும் வேலை செய்தால்தான் மூன்றாவது கண்ணுக்கு மரியாதை. அந்த முதல் இரண்டு கண் தெருவில் யாருக்கு இருக்கிறது? காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே இடத்தில் இருக்கிறவருக்குத்தான். கீரைக்காரம்மா, பூக்காரம்மா, இஸ்திரிக்காரர், டீக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர்.

அவர்களைத்தான் நாம் ஒவ்வொருவராக அப்புறப்படுத்துகிறோம்.

காரணம் சொல்கிறார்கள். நடைபாதை நடப்பவனுக்கு என்கிறார்கள். நூற்றுக்கு நூறு சரி. பஸ்ஸிலிருந்து இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் ரோட்டில் இறங்கி நடந்து அடிபடுவதை நான் வாரம் ஒருமுறை எழுதுகிறேன். நடக்க இடம் விட்டே ஆக வேண்டும். ஆனால் கடையை எடுத்த இடத்தில் மறுநாள் போய்ப் பாருங்கள். நடக்கிறவனா இருக்கிறான்? டூவீலர் நிற்கிறது! பெரிய கடையின் போர்டு நிற்கிறது! ஜெனரேட்டர் நிற்கிறது! கீரைக் கூடைக்கு வந்த லாரி ஜெனரேட்டருக்கு ஏன் வருவதில்லை?

மாற்று இடம் கொடுத்த இடத்திலும் கோளாறு. தி.நகர் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை மாடி வளாகத்துக்கு அனுப்பினார்கள். 2019-ம் ஆண்டு நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நடக்க அருமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வளையலும் ஹேர் பின்னும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? மூர் மார்க்கெட்டுக்கு ஆன கதிதான். தற்செயல் வியாபாரம் படி ஏறாது.

பெரிய கடைக்கு ராத்திரி, சின்னக் கடைக்கு லத்தி

ராத்திரி விஷயம் தனி.

மவுண்ட் ரோட்டில் ஒரு காலத்தில் இரண்டாவது ஆட்டம் விட்டால் ராத்திரி ஒரு மணிக்கும் ஜனம் இருக்கும். 1964-ல் வந்த சபையர் 1994-ல் மூடியது. 1961-ல் வந்த சாந்தி 2016-ல் மூடியது. இரண்டாவது ஆட்டக் கூட்டத்தை நம்பி இருந்த டீக்கடை, பழக்கடை, பீடாக்கடை எல்லாம் கூடவே போயின. வெளிச்சமும் போனது. ராத்திரியில் வெளிச்சம் உள்ள கடை ஒன்று தெருமுனையில் இருந்தால் அந்தத் தெருவில் நடக்கத் தைரியம் வரும். கடைசி ரயிலில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற யாரையும் கேளுங்கள்.

2019-ம் ஆண்டு தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். பலே என்று கை தட்டினோம். படித்துப் பார்த்தால், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளுக்கு. பிறகு அதை நீட்டித்தார்கள். அப்படியானால் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் நடத்துகிற டீக்கடை? பதினோரு மணி ஆனால் ரோந்து ஜீப் வந்து நிற்கும். "இன்னும் மூடலியா?" என்று ஒரு குரல். லத்தியால் பெஞ்சில் ஒரு தட்டு. பால் பாத்திரத்தோடு ஓட வேண்டும். ஏ.சி. போட்ட பெரிய கடை திறந்திருந்தால் வளர்ச்சி. பாய்லர் போட்ட சின்னக் கடை திறந்திருந்தால் தொல்லை. இது எந்த ஊர் நியாயம்?

ரவுடிகள் கூடுகிறார்கள் என்பது போலீசார் சொல்லும் பதில். சில இடத்தில் உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் ரவுடி கூடுகிற கடை எது, நர்சும் ஆட்டோ டிரைவரும் டீ குடிக்கிற கடை எது என்பது ஸ்டேஷன் ஏட்டுக்குத் தெரியாதா? தெரிந்த கடைக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுங்கள். ராத்திரி நடக்கிறதைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பையும் கூடவே கொடுங்கள். சைக்கிள் கடை நோட்டு திரும்ப வராது. ஒரு டீக்கடை பெஞ்சாவது இருக்கட்டும்.

சட்டம் இருக்கிறது, சார்!

கடைசியாக ஒன்று. தெரு வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டிலேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பலருக்குத் தெரியாது. அதிகாரிகளில் பலருக்கும் தெரியாததுபோல நடந்துகொள்கிறார்கள்.

அந்தச் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். யாருக்கு எங்கே இடம் என்று முடிவு செய்யக் குழு வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஷரத்து இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 50 ஆண்டுக்கு மேலாகத் தெரு வியாபாரிகள் கடை நடத்துகிற சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது. மயிலாப்பூர் மாட வீதியில் நவராத்திரிக்குப் பொம்மை போடுகிறார்கள், காய் போடுகிறார்கள், பூ கட்டுகிறார்கள். 50 ஆண்டு இல்லையா அது? பாட்டி, அம்மா, பெண் என்று மூன்று தலைமுறை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜாம்பஜாரைச் சுற்றி இருக்கிற தெருக்களைப் பாருங்கள். கோட்டும் டையும் போட்டவர்கள் பழைய கட்டடங்களுக்குப் பாரம்பரியப் பட்டியல் போடுகிறார்கள். கட்டடத்துக்குப் போடுகிற பட்டியலில் கூடைக்கும் ஒரு வரி இருக்கட்டும். மாநகராட்சி இந்தச் சென்னையில் எந்தெந்தத் தெருவை அப்படி அறிவிக்கப் போகிறது? மேயரும் கமிஷனரும் பட்டியலை வெளியிட்டால் இந்தப் பக்கத்திலேயே முழுசாகப் போடுகிறோம்.

அதுவரைக்கும் வியாபாரிகள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து சரக்கை அள்ளினால், என்னென்ன எடுத்தார்கள் என்று எழுதி ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அது அவர்கள் கடமை. கீரை, பழம், பூ மாதிரி அழுகுகிற சரக்காக இருந்தால், அபராதம் கட்டியதும் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தராசு, வண்டி, பிளாஸ்டிக் சாமான் என்றால் இரண்டு வேலை நாளுக்குள். பட்டியல் தராமல் போனால் வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மனுவில் சீல் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.